பத்து நாள் கைமிச்சம்

பொன்னுராஜ் எந்தச் சாமானை எங்கே பார்த்தாலும் ‘இது இங்க எதுக்கு இருக்கு?’ என்று கேட்கிற ஆள். குடை கதவுக்குப் பின்னால் தொங்கினால் கேட்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் முருங்கைக்காய்க் கட்டு இருந்தால் அதையும் கேட்பார். “ஒங்க அப்பா பரலோகம் போனாலும், வாசல்ல செருப்ப எதுக்கு இப்படிப் போட்டிருக்கீகன்னு கேட்டுட்டுத்தான் உள்ள போவாக” என்று அவர் மனைவி ஜெயபாய் மகள்களிடம் சொல்லுவாள். இப்படி வாய் ஓயாத மனுஷன், சொல்லியே ஆக வேண்டிய ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார். பிறகு நாலு வருஷம் அது தொண்டையிலேயே நின்றது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையத்தில், சத்திரப்பட்டி ரோட்டில் ஞானதுரை முதலாளியின் பேண்டேஜ் கம்பெனியில். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நீளமான ஒரு ஓட்டுக் கொட்டகை, பின்னால் சரக்கு அடுக்குகிற ஒரு கிட்டங்கி, துணி வெட்டுகிற மிஷின் ஒன்று, கையால் சுற்றுகிற மிஷின்கள் பன்னிரண்டு. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்து வெளுத்து வருகிற சல்லடைத் துணியைப் பட்டையாக வெட்டிச் சுருளாகச் சுற்றி, தாளில் பொதிந்து, பெட்டி போட்டு மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற துணிதான், வேறொன்றுமில்லை. எண்பத்திரண்டிலிருந்து பொன்னுராஜ் அங்கே சூப்பர்வைசர். காலை ஏழரை வண்டியில் போனால் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் இருப்பார்.

கிட்டங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டங்கி ஒருநாளும் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பது முதலாளியின் அப்பா காலத்துப் பேச்சு. வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்லமாட்டோம், ‘நிறைஞ்சிருக்கு’ என்போம் இல்லையா, அதே சங்கதிதான். ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, சுற்றிச் சுற்றி உத்திரம் தொடுகிற வரைக்கும் அடுக்குவார்கள். அடுக்கு உயர உயர முதலாளிக்கு முகம் மலரும். புதுச் சரக்கு மேலே போகும், மேலேயிருந்தே லாரிக்கும் போகும். அடியில் இருப்பது எந்த வருஷத்துச் சரக்கு என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றொன்று ஐப்பசி மழையில் அது வெளியே வந்தது. ஒரு பெரிய ஆர்டருக்கு அடிச் சரக்கு வரைக்கும் எடுத்து அனுப்பினார்கள். மதுரைக்காரர் நாற்பது பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். சுருளெல்லாம் மஞ்சள் பூத்து, ஓரம் பூச்சி அரித்திருந்தது. ‘புண்ணில் கட்டுகிற துணி ஐயா இது’ என்று மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தார். ஞானதுரை அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கோயம்புத்தூரில் சிறு கம்பெனிக்காரர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போனார். ஜப்பான் போய்வந்த ஒருவர் அங்கே பேசினாராம். அடுத்த சித்திரையில் அந்த ஜப்பான் முறை பற்றி மதுரையில் மூன்று நாள் வகுப்பு நடந்தபோது பொன்னுராஜை அனுப்பி வைத்தார்.

போனவர் போன ஆளாகத் திரும்பி வரவில்லை. நாற்பத்தைந்து வயது வரைக்கும் தான் கேட்டுக்கொண்டிருந்த ‘இது இங்க எதுக்கு இருக்கு’ என்ற கேள்வியை ஒரு தேசமே கேட்கிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. “சரக்கு தேங்குற எடத்துல தப்பும் தேங்கும். வெட்டுனது சுத்த, சுத்துனது பொதிய, பொதிஞ்சது பெட்டிக்கு. கையிலேர்ந்து கைக்குப் போகணும், நடுவுல தரைக்கு எறங்கக் கூடாது” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாதிரியாரிடம்கூடச் சொன்னார் என்று கேள்வி.

நியாயமாகப் பார்த்தால் அந்த முறை பிடித்து வளர வேண்டிய இடம்தான் அது. ‘நீ பாத்துக்க’ என்று சொல்லிவிட்டு முதலாளி ஒதுங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கொட்டகையில் நின்றார். புது மிஷின் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. தறிக்காரர்கள் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருந்தார்கள். மாதத்துக்கு ஒரு லோடு என்பதை இரண்டு நாளைக்கு ஒரு சின்னக் கட்டு என்று மாற்றிக்கொள்ள அவர்களுக்கும் சம்மதம். வேலைக்காரர்கள் இருபது பேருக்குள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். இத்தனைக்கும் நடுவில் ஒன்று இருந்தது, முதலாளிக்குத் தெரியாமல்.

சுருள் சுற்றுகிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பத்து டஜன் சுருள் ஒரு கட்டு. ஆறு கட்டுச் சுற்றினால் ஒரு நாள் கூலி. கை வேகமுள்ளவள் ஏழு சுற்றுவாள். ஆறைக் கொடுத்துவிட்டு ஏழாவதைத் தன் மிஷினுக்குப் பின்னால் சாக்கில் போட்டு வைப்பாள். அதற்குப் பேர் கைமிச்சம். காய்ச்சல், விசேஷம், சாவு வீட்டுத் துஷ்டி என்று அவள் வராத நாளில், பக்கத்து மிஷின்காரி அந்தச் சாக்கிலிருந்து ஆறு கட்டை எடுத்து அவள் பேரில் கொடுத்துவிடுவாள். கூலியும் போகாது, பேரும் விடுபடாது. மூன்று நாள் சேர்ந்தாற்போலப் பேர் விடுபட்டால் மிஷின் வேறு ஆளுக்கு என்பது கம்பெனிச் சட்டம். லீவு என்ற பேச்சே அங்கே கிடையாது. கைமிச்சம்தான் அவர்களுக்கு லீவு.

பொன்னுராஜுக்கு இது தெரியும். தெரியும் என்ன, அவரே பங்காளி. ஜெயபாயும் அந்தக் கொட்டகையில் நாலு வருஷம் சுற்றியவள்தான். இரண்டாவது மகள் பிறந்தபோது இருபது நாள் வீட்டில் இருந்தாள். இருபது நாளும் அவள் சாக்கிலிருந்து கட்டை எடுத்துப் புத்தகத்தில் ‘ஜெயபாய் – ஆறு’ என்று எழுதியது பொன்னுராஜ் கைதான்.

தொண்ணூற்றிரண்டு ஆனியில், எல்லாருடைய சாக்கையும்விட இசக்கியம்மாள் சாக்குத்தான் பெரிதாக இருந்தது. ஒன்றல்ல, நாலு சாக்கு. வன்னியம்பட்டிக்காரி, புருஷன் இல்லாதவள், ஒரே மகள் சண்முகத்தாய். முந்தின வருஷம்தான் சேத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள், ஆடிக் கடைசியில் நாள். பத்து நாள் மகள் பக்கத்தில் இருப்பதற்காக அறுபது கட்டு. தினம் ஒன்றாக இரண்டரை மாதம் சேர்த்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பொன்னுராஜ் பெண்களை உட்கார வைத்துத் தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டினார். வெட்டு மிஷின் இங்கே, சுற்றுகிறவர்கள் இந்த வரிசையில், பொதிகிறவர்கள் அவர்களுக்கு எதிரே, நடுவில் சின்னத் தட்டுகள். கிட்டங்கிக்கும் கொட்டகைக்கும் கூடை தூக்கி நடக்கிற நடை இனிமேல் கிடையாது. பெண்களுக்குப் பிடித்திருந்தது. இடுப்பு வலிக்கு இதைவிட மருந்து உண்டா? வெட்டு மிஷினை இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டால் பட்டை சிக்காது என்று வெள்ளத்தாய் சொன்னாள். அது நல்ல யோசனை, பொன்னுராஜ் உடனே அழித்துப் போட்டார்.

இசக்கியம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. எங்க கைமிச்சத்தை எங்க வைக்க?”

“நடுவுல எதுவும் தேங்கக் கூடாதுல்லா, இசக்கி.”

“தேங்குனா அழுகும், சரிதான். ஒளிச்சு வச்சாத்தான அடியில போகும்? அந்தச் செவத்துல ஒரு பலகை அடிச்சுக் குடுங்க. ஆளுக்கு ஒரு அறை, பேரு எழுதி. பத்து நாளைக்கு மேல யாரும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க. கண்ணு முன்னால இருந்தா நாங்களே பழசை மொதல்ல எடுத்துக் குடுத்துட்டுப் புதுச உள்ள வச்சிருவோம். ஒருத்தி வராட்டாலும் அவ அறையிலேர்ந்து எடுத்துப் பொதியலாம். பொதியுற ஆளு கையக் கட்டிக்கிட்டு ஒக்கார வேண்டாம்.”

மூன்று நாள் வகுப்பில் யாரும் பொன்னுராஜுக்குச் சொல்லித்தராத பாடம் அது. அன்றைக்கு அவருக்கு அது பாடமாகத் தெரியவில்லை, இடைஞ்சலாகத்தான் தெரிந்தது.

“பாத்துக்கிடலாம். மொதலாளிட்டப் பேசுறேன்.”

“சண்முகத்தாய்க்கு நாளு நெருங்குது, அண்ணாச்சி. என்னைய விட்டா அதுக்கு வேற யாரு இருக்கா.”

“அதான் பேசுறேன்னு சொல்லிட்டேன்லா.”

பேசத்தான் நினைத்தார். அன்று சாயங்காலம் முதலாளி அறை வாசல் வரைக்கும் போனார். பேச வேண்டுமென்றால் கைமிச்சம் என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். சொன்னால், பத்து வருஷமாக நீ தெரிந்தேதான் எழுதினாயா என்று கேட்பார். வராத ஆளுக்கு வந்ததாக எழுதிய புத்தகத்தில் தன் பெண்டாட்டி பேரும் இருக்கிறது. பொன்னுராஜ் வாசலில் செத்த நேரம் நின்றுவிட்டு, ஆறு மணி வண்டியைப் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை ஒதுங்க வைக்கிற வேலை. முதலாளியும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பழைய கூடைகள், உடைந்த மணைகள், எலி கடித்த தாள்கட்டுகள் எல்லாம் முற்றத்துக்குப் போயின. மிஷின்களை நகர்த்தியபோது சுவரோரத்துச் சாக்குகள் தெரிந்தன. ஞானதுரை ஒன்றை அவிழ்த்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று புதுச் சுருள்.

“என்னய்யா இது? யாரோடது?”

பெண்கள் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேரும் பொன்னுராஜைத்தான் பார்த்தார்கள். ‘இவிகளோடது மொதலாளி’ என்று இரண்டு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

“பழைய மிச்சம், மொதலாளி. கணக்குல வராதது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். “நல்லதாப் போச்சு. மதுரைக்குப் போற பெட்டியில சேத்துரு.” சாக்குகளைத் தரையில் கவிழ்த்தார்கள். இசக்கியம்மாளின் அறுபது கட்டும் வெள்ளத்தாயின் பத்துக் கட்டும் மற்றவர்களுடையதும் ஒன்றாகக் கலந்து ஒரே குவியலாகக் கிடந்தன. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நெய்யாவது அளந்து திருப்பித் தரலாம், இது யாருடையது என்று இனி யார் பிரிக்க?

இசக்கியம்மாள் குனிந்து மற்றவர்களோடு சேர்ந்து பெட்டியில் அடுக்கினாள். அவள் திட்டியிருந்தால் பொன்னுராஜுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டில் ஜெயபாய்தான் திட்டினாள். வெள்ளத்தாய் சர்ச் தெருவில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். சோற்றை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். “நம்ம சின்னவளுக்கு இருபது நாள் பால் குடுத்தது அந்தச் சாக்குத்தான். ஒங்க கையாலதான என் பேர எழுதுனீக. அன்னைக்கு அது மிச்சம் இல்ல, இன்னைக்கு மிச்சமாயிட்டா?”

“திங்கக்கெழம பேசுறேன்.”

“பேசிருவீக” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

திங்கட்கிழமை புது வரிசை ஓட ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகாக ஓடியது. காலையில் வந்த துணி சாயங்காலம் பெட்டியில் இருந்தது. சுருளில் ஒரு பிசிறு என்றால் எதிரே பொதிகிறவள் அந்த நிமிஷமே நிறுத்திக் காட்டினாள். முன்னே மூன்று மாதம் கழித்து மதுரைக்காரர் காட்டிய தப்பு அது. கிட்டங்கியில் முதல் தடவையாகத் தரை தெரிந்தது. முதலாளி அதைப் பெருக்கச் சொல்லி, நடுவில் நின்று சிரித்தார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சேத்தூர் ரோட்டில் புதிதாக ஒரு பேண்டேஜ் கம்பெனி போட்டிருந்த காசிராஜன் மூன்று தடவை வந்து, பொன்னுராஜிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார். திங்கட்கிழமை பேச வேண்டியது செவ்வாய்க்குப் போனது. நன்றாக ஓடுகிற நேரத்தில் எதற்கு என்று அடுத்த வாரத்துக்குப் போனது.

ஓட்டத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. ஒருத்தி வரவில்லையென்றால் அவளுக்கு எதிரே பொதிகிறவள் சும்மா உட்கார்ந்தாள், மத்தியானத்துக்குள் வரிசை திணறியது. அதனால் யாரும் வராமல் இருக்கக் கூடாது என்று பொன்னுராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இசக்கியம்மாள் தனியாக வந்து கேட்டாள்.

“நாளைலேர்ந்து வீட்டுல இருந்துக்கிடட்டுமா, அண்ணாச்சி? கூலி போனாப் போகட்டும், மிஷின் மட்டும் போயிராமப் பாத்துக்கோங்க. புள்ளைக்கு முகம் வெளுத்துக் கெடக்கு.”

அந்த வாரம் மதுரைக்கு லாரி போக வேண்டும். திரும்பி வந்த நாற்பது பெட்டிக்குப் பிறகு போகிற முதல் பெரிய சரக்கு. “ரெண்டே நாள் பொறு, தாயி. பூரத்தோட லாரி போயிரும். பொறவு பத்து நாள் இருந்துக்க. நான் பாத்துக்கிடுறேன்.”

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். அன்றைக்கும் கொட்டகை ஓடியது. பதினோரு மணிக்கு முதலாளி மேஜையில் போன் அடித்தது. வன்னியம்பட்டிப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கடையிலிருந்து பேசினாள். சண்முகத்தாய்க்கு வலி எடுத்துவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். பொன்னுராஜ் போய்ச் சொன்னார். இசக்கியம்மாள் சுற்றிக்கொண்டிருந்த சுருளை முடித்து, ஒட்டி, தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.

தேருக்காக வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் இறங்கிக் கூட்டத்துக்கு எதிராக நடந்து, ஓடி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. பேத்தி பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் சுகம்தான். ஆனால் தேர் பார்க்க வந்திருந்த சம்பந்தி முத்தாத்தாள் சேதி கேட்டு அவளுக்கு முன்னாலேயே வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

“தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடுன்னு அனுப்புனோம். தாய்க்குக் கூலிதான் பெருசுன்னு தெரியாமப் போச்சு” என்றாள் முத்தாத்தாள், வார்டு முழுக்கக் கேட்கும்படி. சண்முகத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வலியில் அம்மா அம்மா என்று கத்தியிருக்கிறாள். வந்து தலையைப் பிடித்தது பக்கத்து வீட்டுக்காரி. அந்தப் பிள்ளைக்கு அது ஆறவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சேத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மகளுக்கு வெந்நீர் வைத்து வேது பிடிக்க இசக்கியம்மாள் வெட்டி வைத்திருந்த விறகும், இடித்து வைத்திருந்த பிரசவ மருந்தும் அப்படியே கிடந்தன. பேத்திக்குப் பேர் வைத்ததுகூட அவளுக்குக் கேள்விச் செய்திதான்.

நாலாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். “பத்து நாள் இருந்துக்கச் சொன்னேனே” என்றார் பொன்னுராஜ்.

“யாரு பக்கத்துல இருக்க, அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அந்த வரிசையில் ஒன்று நின்றுபோனது. கை ஓடியது, வாய் நின்றுவிட்டது. வெட்டு மிஷின் கத்தி மழுங்கினால் முன்னே யாராவது சொல்லுவார்கள், இப்போது சொல்லவில்லை. பிசிறு வந்தால் அப்படியே பொதிந்தார்கள். ஆறு கட்டு முடிந்ததும் கை தானாக மெதுவாகிவிடும். ஏழாவது கட்டு என்ற ஒன்று அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் பிறக்கவேயில்லை. பொன்னுராஜ் படம் போட்டுக் காட்டினார், அதட்டினார், கெஞ்சினார். “சரி அண்ணாச்சி” என்பார்கள். சரி என்ற சொல்லைப்போல ஒரு பூட்டு உலகத்தில் இல்லை.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த வருஷத்துக்குள் வரிசை திணறித் திணறி, ஆள் வராத நாளைச் சமாளிக்கக் கொஞ்சம் சரக்கை ஒதுக்கி வைத்து, அந்தக் கொஞ்சம் அதிகமாகி, கிட்டங்கி பழையபடி உத்திரத்தைத் தொட்டது. “ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான், நமக்கு அது ஒத்துவராது” என்று ஞானதுரை சொல்லிவிட்டார். பொன்னுராஜ் மறுத்துப் பேசவில்லை. தொண்ணூற்று மூன்று தையில் இசக்கியம்மாள் காசிராஜன் கம்பெனிக்குப் போய்விட்டாள், பிறகு வெள்ளத்தாயும் போனாள். ஏழரை வண்டியில் பொன்னுராஜைப் பார்த்தால் இசக்கியம்மாள் தலையை அசைப்பாள். அவரும் அசைப்பார். சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள் ராஜபாளையம் வந்துவிடும்.

தொண்ணூற்றாறு பங்குனியில் மதுரைக்காரர் ஆர்டர் முழுவதையும் காசிராஜனுக்குக் கொடுத்துவிட்டார். ஞானதுரை பொன்னுராஜைக் கூப்பிட்டார். “நம்மகிட்ட எழுதிட்டுப் போனவன்யா அவன். அவனுக்கு ஓடுது, நமக்கு ஓடல. அப்படி என்னதான் வச்சிருக்கான்னு போய்ப் பாத்துட்டு வா.”

காசிராஜன் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். பொன்னுராஜ் பார்த்தார். மிஷின்கள் இவர்களுடையதைவிடப் பழையவை. கூரை தகரம், அனல் அடித்தது. கூலியும் அதே கூலிதான். வரிசை அவர் சாக்கட்டியால் போட்ட படம்தான், வெட்டு மிஷினைத் தள்ளிப் போட்டது உட்பட. ஒன்றுதான் புதிது. சுவரோரமாக ஒரு பெரிய பலகை அடுக்கு. பன்னிரண்டு அறை. ஒவ்வொன்றிலும் நீலப் பெயிண்டில் ஒரு பேர். அறைகளில் கட்டுகள், சிலதில் நிறைய, சிலதில் நாலைந்து.

‘இது இங்க எதுக்கு இருக்கு’ என்று ஜென்மம் முழுக்கக் கேட்ட ஆள், அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் நின்றார். காசிராஜன் தானாகவே சொன்னார். “ஒங்களுக்கா சொல்லணும், அண்ணாச்சி? ஒங்க யோசனைதான.”

“என் யோசனையா?”

“இசக்கியம்மா வந்த புதுசுல சொல்லிச்சு. பத்து நாளைக்கு மேல கிடையாது, பழசு மொதல்ல, ஆளு வராட்டா அறையிலேர்ந்து எடுத்துப் பொதியணும்னு. எனக்கு அரை மனசுதான். பொம்பளையாளுக சரக்கைப் பதுக்க வழி பண்ணுறாகளோன்னு நெனச்சேன். பொன்னுராஜ் அண்ணாச்சி அங்க செய்யணும்னு இருந்தாரு, நேரமில்லாமப் போச்சுன்னு சொல்லிச்சு. நீங்க நெனச்ச காரியம்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னைக்கே ஆசாரியக் கூப்பிட்டு அடிச்சிட்டேன்.”

பொன்னுராஜுக்குக் கண்ணைக் கரித்தது. அவள் காட்டிக்கொடுத்திருக்கலாம், ஊர் முழுக்கச் சொல்லியிருக்கலாம். “இசக்கி எங்க? பாக்கணும்” என்றார்.

வெள்ளத்தாய்தான் பதில் சொன்னாள். “சேத்தூருக்குப் போயிருக்கா, அண்ணாச்சி. சண்முகத்தாய்க்கு ரெண்டாவது பொறந்திருக்கு. மாமியார்க்காரி கீழ விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்கா, அதனால கூப்பிட்டு விட்டாக. நாலு வருஷத்துக்குப் பொறவு இப்பத்தான் வாசல்படி மிதிச்சிருக்கா.” சொல்லிக்கொண்டே எழுந்து போய், ‘இசக்கியம்மாள்’ என்று எழுதிய அறையிலிருந்து ஆறு கட்டை எடுத்து எதிர்வரிசைக்குக் கொடுத்தாள். உள்ளே இன்னும் ஏழு நாளைக்கு இருந்தது.

திரும்பி வந்து முதலாளி மேஜைக்கு எதிரே நின்று பொன்னுராஜ் எல்லாவற்றையும் சொன்னார். கைமிச்சம் என்றால் என்ன என்பதை, புத்தகத்தில் எழுதியதை, ஜெயபாய் பேரை, கவிழ்த்த சாக்குகள் யாருடையவை என்பதை, ஆடிப்பூரத்தை. வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சல், காரியம் கெட்டு நாலு வருஷம் கழித்து வந்தது. ஞானதுரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்தப் பலகைதான் அவன்ட்ட இருக்குறதா?”

“அதுதான், மொதலாளி.”

“அன்னைக்கு நான் கேட்டேனேய்யா, யாரோடதுன்னு. சொல்லியிருந்தா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்? ஒரு பலகைதான, அடிச்சு விட்டிருப்பேன்.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஆசாரிக்கு ஆள் அனுப்பு” என்றார்.

பலகை அடித்தார்கள், பேரும் எழுதினார்கள். ஆனால் அதில் கட்டு வைக்கிற அளவுக்கு அப்போது ஆர்டர் இல்லை. ஏழாவது கட்டுச் சுற்றுகிற கைகளும் அங்கே இல்லை. இரண்டு வருஷத்தில் கொட்டகையைப் பூட்டுகிற வரைக்கும் அந்த அறைகள் வெறுமையாகத்தான் இருந்தன. அதில் ஓர் அறைக்கு மட்டும் பொன்னுராஜ் தன் கையாலேயே ‘இசக்கியம்மாள்’ என்று எழுதி வைத்திருந்தார். இந்தப் பேரு இங்க எதுக்கு இருக்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.